குப்பைத்தொட்டியில் வைத்த குரல்

என் மனைவி இறந்தபோது அவள் விட்டுப்போனவற்றில் எனக்கென்று கிடைத்தது அவளுடைய திட்டுகள்தான். நகை மகளுக்குப் போனது. சேலைகளை அவள் தம்பியின் மனைவி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து எடுத்துக்கொண்டாள். கைப்பேசியையும் அவளே கேட்டாள். "சும்மாத்தானே கெடக்கப் போவுது" என்று வாங்கி, அன்றைக்கே அதிலிருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டுக்கொண்டாள். திட்டுகளை யாரும் பங்கு கேட்கவில்லை. அவை என் கைப்பேசியில் குரல் பதிவுகளாக இருந்தன.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். மலேசியாவில் பீடோங் ஊரை ஒட்டிய எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன். தமிழ் வாசிக்க வரும், ஆனால் மெதுவாகத்தான். சிறுநீரகக் கோளாறில் அவளைச் சுங்கை பட்டாணி பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தபிறகு, அவள் எனக்கு எழுதி அனுப்பியதே இல்லை. பேசித்தான் அனுப்புவாள். "நீ எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குக் காரியமே முடிஞ்சிரும்" என்பது அவள் சொன்ன காரணம்.

நாங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த கதவில் வளர்ந்தவர்கள். அவள் என் அத்தை மகள். அதனால் என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்தால் காது சூடாகிவிடும். என் பங்கையும் சேர்த்து அவளே பேசினாள், பெரும்பாலும் எனக்கு எதிராக.

"சோத்துப் பானைய மூடுனியா? மூடியிருக்க மாட்ட. பூனை உள்ள வந்தாலும் சூன்னு வெரட்ட உனக்கு வாய் வராது. தட்டு எடுத்து வெச்சிருப்ப."

இது ஒன்று. இன்னொன்றில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவாள்.

"பக்கத்துக் கட்டில் மலாய்க்காரக் கெழவி கேக்குது, தெனமும் வந்து ஒக்காந்துட்டுப் போறாரே, அவரு உன் டிரைவரான்னு. ஆமா, சம்பளம் இல்லாத டிரைவர்னு சொல்லிட்டேன்."

மற்றொன்றில் திட்டே கிடையாது. என்னைத் திட்டி முடித்த பிறகு பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள். தலை வாருகிற சத்தம், சீப்பில் சிக்கு அறுபடுகிற சத்தம், நடுவே ஏதோ ஒரு மெட்டை முனகுகிறாள். பிறகு, "ஐயோ, இன்னும் ஓடுதா இது" என்று அணைக்கிறாள். நான் அதிகமாகக் கேட்டது அதைத்தான்.

கடைசியாக வந்தது வேறு மாதிரி.

"நாளைக்கு நீ வராத. என் தம்பிய அனுப்பு. அவன் வந்தா நாலு வார்த்தை பேசுவான், சிரிப்பு வரும். நீ வந்தா பொணத்துக்குப் பக்கத்துல இன்னொரு பொணம் ஒக்காந்த மாதிரி இருக்கு. உன்னக் கட்டிக்கிட்டு வாழ்நாளெல்லாம் செவுத்தோட பேசுனேன். சாவுறப்பவாச்சும் மனுசங்களோட இருந்துட்டுப் போறேன்."

மறுநாள் நான் போகவில்லை. அவள் தம்பி போனான். அதற்கடுத்த நாள் விடியற்காலை அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூட்டம் வந்திருந்தது. நான் வீட்டின் பின்பக்கம், சலவை இயந்திரத்தின் அருகே நின்று, சத்தத்தைக் குறைத்து அந்தச் சோற்றுப்பானைப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மைத்துனன் அங்கே சிகரெட் பிடிக்க வந்தான். அவன் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். குடும்பத்தில் இயந்திரம் தெரிந்தவன் என்ற பெயர் அவனுக்கு.

"யாரு மாமா பேசுறது? அக்காவா?"

கைப்பேசியை என் கையிலிருந்து எடுத்தான். கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். பூனைக்குத் தட்டு வைக்கிற கதை கூடம் முழுக்கக் கேட்டது. முதலில் யாரோ அழுதார்கள். பிறகு ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"செத்தும் விடல லா அக்கா, மாமாவ!" என்றான் மைத்துனன். "இன்னொன்னு போடவா?"

சம்பளம் இல்லாத டிரைவரைப் போட்டான். அன்றிலிருந்து உறவுக்காரர்களுக்கு என் பெயர் டிரைவர். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும், "டிரைவர் பசியாறிட்டாரா?" என்று கேட்பார்கள்.

என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்தபின், "அதையெல்லாம் அழிச்சிடுங்கப்பா" என்றாள். "அம்மா குரலக் கேட்டா எனக்குத் தாங்க முடியல. அதுவும் இப்பிடி எல்லாரும் சிரிக்க." அவளும் கூலிமில்தான் வேலை, தோழிகளோடு தங்கியிருந்தாள். விடுமுறைக்கு வருவாள். என் கைப்பேசியின் திரை உடைந்து, அதைக் கடையில் கொடுத்துப் புதுசு வாங்க வேண்டி வந்தபோது அவள்தான் அதிலிருந்தவற்றைத் தன் பழைய மடிக்கணினிக்கு மாற்றி, அதை வீட்டிலேயே விட்டாள். "குரலெல்லாம் இந்த இடத்துல இருக்கு. நீங்களே அழிச்சிடுங்க. நான் தொடமாட்டேன்" என்று எப்படி அழிப்பதென்று காட்டினாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்றும் திரையின் மூலையிலிருந்த குப்பைத்தொட்டிப் படத்துக்குள் போனது.

மறுநாள் அந்தத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் உள்ளேயே இருந்தன.

தோட்டத்து லயங்களில் அந்தக் காலத்தில் கதவுக்குப் பூட்டு கிடையாது. ஆம்பளையும் பொம்பளையும் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போய்விட்டால் வீடு திறந்தே கிடக்கும். அதனால் நகையை அலமாரியில் யாரும் வைப்பதில்லை. ஒட்டுப்பால் கூடையில்தான் வைப்பார்கள். கோப்பையில் உறைந்துபோன ரப்பரைச் சுரண்டிப் போடுகிற கூடை அது. அழுகின நாற்றம் அடிக்கும். என் மனைவி டவுனுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிற்றைப் போட்டுக்கொண்டு, தங்கத் தாலிக்கொடியைப் பிளாஸ்டிக்கில் சுற்றிச் சமையலறைக் குப்பை வாளியின் அடியில் வைத்து, அதன்மேல் குப்பைப் பையை விரிப்பாள். "நாத்தத்துல எவனும் கை வைக்க மாட்டான்" என்பாள். வீட்டில் இரண்டு முறை திருடன் புகுந்தும் அந்தத் தாலிக்கொடி போகவில்லை.

ஆகவே கணினியின் குப்பைத்தொட்டி எனக்கு மிகச் சரியான இடமாகப் பட்டது. நான் அவற்றை அழித்துவிட்டதாக மகள் நினைப்பாள். மைத்துனன் எடுத்துக் கூட்டத்தில் போட மாட்டான். தொட்டிக்குள் இருக்கும்போது பதிவு பேசாது. வெளியே எடுத்து, கேட்டுவிட்டு, மறுபடி அழிக்க வேண்டும். வேலை முடிந்து வந்து, குளித்து, கோப்பி கலக்கி வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தேன். எடுப்பேன், கேட்பேன், குப்பையில் போடுவேன்.

அந்தக் கடைசிப் பதிவை மட்டும் தொட்டியிலிருந்து எடுத்தபின் நான் திரும்ப உள்ளே வைக்கவில்லை. மற்றவற்றோடு அதைச் சேர்த்து வைக்க மனம் வரவில்லை. அடியோடு அழிக்கவும் கை வரவில்லை. வந்து விழும் கோப்புகளெல்லாம் கிடக்கிற பதிவிறக்க அடுக்கில், பழைய பில்களுக்கும் விளம்பரங்களுக்கும் நடுவே அதைப் போட்டுவிட்டேன். தானாகத் தொலைந்துபோனால் தொலையட்டும் என்று நினைத்தேன்.

முதலாண்டுத் திதி வந்தது. எங்கள் பக்கம் இப்போதெல்லாம் திதிக்குப் படையல் மட்டும் போதாது. இறந்தவரின் படங்களைப் பாட்டோடு கோத்து வீடியோவாக்கித் தொலைக்காட்சியில் ஓட்ட வேண்டும். வந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். அதைச் செய்யும் பொறுப்பை மைத்துனன் ஏற்றுக்கொண்டான். திதிக்கு முந்தின நாள் காலையிலேயே குடும்பத்தோடு வந்து கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தான்.

"என்ன மாமா இது, நத்தை மாதிரி நவுருது! இடமே இல்ல, செவப்புல நிக்குது. இருங்க, கழுவி விடுறேன்."

நான் அப்போது வாழையிலை வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கழுவுவது என்றால் துணி போட்டுத் துடைப்பது என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவன் சம்மணம் போட்டு, எல்லோருக்கும் திரையைக் காட்டிக்கொண்டிருந்தான். கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்றை இறக்கி ஓட்டியிருக்கிறான். பச்சையாக ஒரு பெரிய வட்டமும் அதன் நடுவே சரி என்ற குறியும் தெரிந்தன.

"எம்புட்டுக் குப்பை தெரியுமா? இப்பப் பாருங்க, பறக்கும்!"

நான் திரையின் மூலையைப் பார்த்தேன். உள்ளே ஏதாவது இருந்தால் அந்தத் தொட்டிப் படத்தில் கசங்கின காகிதம் தெரியும். தொட்டி வெறுமையாக இருந்தது.

வாழையிலைக் கட்டைக் கீழே வைத்தேன். சூடம் வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பீடோங் கடைத்தெருவில் கைப்பேசியும் கணினியும் பழுது பார்க்கிற தமிழ் முஸ்லிம் ஒருவர் இருக்கிறார். பாய் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அவரிடம், கடையில் மற்றவர்கள் இருந்ததால் குரலைத் தாழ்த்தி, நடந்ததைச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "மெஷின் இப்ப எங்க?"

"வீட்ல. மைத்துனன் படம் ஏத்திக்கிட்டிருக்கான்."

"அல்லாவே! மொதல்ல போய் அத அடைங்க. அழிஞ்சது ஒடனே போயிடாதுண்ணே. அந்த எடம் காலின்னு ஒரு சீட்டுத்தான் ஒட்டியிருக்கும். புதுசா எதையாச்சும் ஏத்துனா அதுமேல போய் ஒக்காந்திடும். ஒவ்வொரு படமா ஏறிக்கிட்டிருக்கு அங்க. ஓடுங்க!"

ஓடினேன். பாசார் சந்தைப் பக்கம் சிக்னலில் நிற்கும்போதும், தொழிற்சாலைப் பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோதும் எனக்கு ஒன்றுதான் மனதில் ஓடியது. அங்கே ஒரு படம் ஏறுகிறது, இங்கே ஒரு குரல் போகிறது. தலை வாருகிற அந்தச் சத்தம் இன்னும் இருக்குமா, அதன்மேல் எந்தக் கல்யாணப் படம் வந்து உட்கார்ந்திருக்கும்.

கூடத்தில் உறவுக்காரர்கள் இன்னும் கூடியிருந்தார்கள். மகளும் கூலிமிலிருந்து வந்துவிட்டாள். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக மெதுவாக நிறைந்துகொண்டிருந்தது. மைத்துனன் படங்களை வீடியோவாக்கிக்கொண்டிருந்தான்.

"அத அடைச்சு வை" என்றேன்.

"எத?"

"மெஷின."

"பாதியில நிக்குது மாமா. அடைச்சா மொதல்லேருந்து செய்யணும். அக்காவுக்கு நாளைக்குத் திதி, தெரியுமில்ல?"

"அடைச்சு வையேன்."

"ஏன்னு சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடேறியது. மகள் சமையலறை வாசலில் வெங்காயக் கத்தியோடு நின்றாள். அவள் முன்னால்தான் எல்லாவற்றையும் அழித்தேன்.

"குப்பைத்தொட்டியில... ஒண்ணு வெச்சிருந்தேன்."

பிறகு மைத்துனன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"குப்பைத்தொட்டியில என்ன மாமா வெச்சிருந்தீங்க? யாருக்கும் தெரியாம பார்க்குற படமா?"

அவன் மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். என் பெரியப்பா மகன், "பரவால்லயே டிரைவர்! அவ போன வருசமே ஆரம்பிச்சிட்டீரா?" என்றார். கூடம் அதிர்ந்தது. மகள் முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள். கத்தி பலகையில் படபடவென்று விழுகிற சத்தம் கேட்டது.

'உங்க அக்காவோட குரல்' என்று மூன்று சொற்கள் சொல்ல வேண்டியிருந்தது. என்னால் முடியவில்லை. அவள் இருந்திருந்தால் எனக்காக அவள் சொல்லியிருப்பாள். கோடு நிறைந்து முடிந்தது. "ரெடி!" என்று மைத்துனன் கை தட்டினான்.

திதி நன்றாக நடந்தது. வீடியோ ஓடியது. யாரோ பாடிய சோகப் பாட்டின்மேல் அவள் படங்கள் வந்து போயின. எல்லாப் படத்திலும் அவள் வாய் பேசுகிற மாதிரித் திறந்திருந்தது. சத்தம் மட்டும் வேறு யாருடையதோ. "தம்பி எவ்வளவு செஞ்சிருக்கான் பாரு" என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் பாயசம் குடித்தார்கள்.

அடுத்த நாள் மடிக்கணினியைப் பாயிடம் கொண்டுபோனேன். அவர் மீட்டெடுக்கும் மென்பொருள் எதையோ ஓட்டினார். எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற வட்டை உள்ளேயிருந்து கழற்றியும் பார்த்தார். மகள் அதில் முன்பே வேகமான புது வகை வட்டைப் போட்டிருந்தாள். அந்த வகையில் ஒன்றை அழித்தால், அது தானாகவே அந்த இடத்தைத் துடைத்துவிடுமாம். நான் ஓடியதே வீண் என்று அப்போது தெரிந்தது.

"பழைய வட்டா இருந்தா ஏதாச்சும் தேத்தியிருக்கலாம்" என்றார். பிறகு கடையிலிருந்தவர்கள் பக்கம் திரும்பி, "ஆமாண்ணே, குப்பைத்தொட்டியில யாராச்சும் பொக்கிசத்த வைப்பாங்களா?" என்று கேட்டார். அவர்களும் சிரித்தார்கள். அவர்கள் யாரும் லயத்தில் வளர்ந்தவர்கள் இல்லை.

ஆனாலும் பாய் பொறுமையாகவே விளக்கினார். அந்த மாதிரி மென்பொருள் எடுத்தவுடன் அழிப்பதில்லை. முதலில் ஆராய்ந்து, எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்று வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம், அதில் ஒரு டிக். அதைப் படித்துப் பார்த்து, தெரியாததின் டிக்கை எடுத்துவிட்டுத்தான் சுத்தம் செய் என்ற பொத்தானை அமுக்க வேண்டும். குப்பைத்தொட்டிக்கும் பதிவிறக்க அடுக்குக்கும் டிக் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், இழந்தால் தாங்க முடியாததை வேறு இரண்டு இடத்தில் நகல் எடுத்து, திறந்து கேட்டுப் பார்க்க வேண்டும். தற்காலிகக் கோப்புகள்தான் உண்மையான குப்பை, அவை போனால் ஒன்றும் ஆகாது.

"ஒங்க மைத்துனரு படிக்காம அமுக்கிட்டாரு. எல்லாரும் அப்பிடித்தான். தொட்டிக்கு அதுவே டிக் போட்டிருக்கும்" என்றார். "பதிவிறக்கத்துக்கு டிக் இல்ல போல. அதெல்லாம் தப்பிச்சிருக்கு. இதோ, ஒரு குரல் பதிவுகூட இருக்கே."

நான் கையை நீட்டுவதற்குள் அவர் அதை அமுக்கிவிட்டார்.

பொணத்துக்குப் பக்கத்துல இன்னொரு பொணம் என்ற சொல் கடை முழுக்கக் கேட்டது. பாய் பாதியில் நிறுத்திவிட்டார். கைப்பேசிக்கு உறை வாங்க வந்த பெண்மணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

"இதையா தேடுனீங்க?" என்று பாய் மெல்லக் கேட்டார்.

"இல்ல" என்றேன். "இது தப்பிக்கணும்னு நான் நெனைக்கல."

ஒரு பென்டிரைவ் வாங்கி, அதில் அந்தப் பதிவைப் போட்டுத் தரச் சொன்னேன். அவர் போட்டுக் கொடுத்தார். அவள் குரல் என்று உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

சில வாரங்கள் கழித்து மகள் வந்தாள். நான் மடிக்கணினியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பாய் சொன்ன மாதிரி ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டிப் படித்து டிக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மா குரல் ஒண்ணாச்சும் இருக்கா? எனக்கு அம்மா குரலு மறந்துபோற மாதிரி இருக்குப்பா. மொகம் வருது, குரல் வரமாட்டேங்குது. அன்னைக்கு நான்தான் அழிக்கச் சொன்னேன்..."

அழித்தாயிற்று என்று சொல்லியிருக்கலாம். பாதிக்குமேல் உண்மைதான். அவள் கண்ணைப் பார்த்தபின் பென்டிரைவை எடுத்துச் சொருகினேன். வேறு கொடுக்க என்னிடம் எதுவுமில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள். மறுபடியும் ஒரு முறை கேட்டாள். முதல் தடவை அழுதாள். இரண்டாவது தடவை அழவில்லை.

"வேற இல்லையா?"

"இல்லம்மா."

"சாவுறதுக்கு எவ்வளவு முன்னாடி அனுப்புனது இது?"

"கடைசியா."

"நீங்க போகலையா அதுக்கப்புறம்?"

"வராதன்னு சொன்னா."

அவள் தன் கைப்பேசியில் அதை ஏற்றிக்கொண்டாள். எழுந்து போய்ச் சோறு போட்டு என் முன்னால் ஒரு தட்டை வைத்து, எதிரே அவளும் தட்டோடு உட்கார்ந்தாள். நான் எப்போதும்போலப் பேசாமல் பிசைந்து சாப்பிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். இன்னொரு பிடி சோற்றைப் பிசைந்தேன்.

மகள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தொலைக்காட்சியைப் போட்டு, அதில் யாரோ நாலு பேர் பேசிச் சிரிக்கிற சத்தத்தின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாள்.